எங்கள் அண்ணன் நிரவிய கல்லூரி மைதானம்

வருகிற பங்குனியோடு எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வருகிற உற்றார் உறவினர் கையில் கொடுக்கச் சிறிய மலர் ஒன்று அச்சிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவானபோது, எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான் என்பது அதற்குக் காரணம். நியாயமாகப் பார்த்தால் இதை எழுதத் தகுதி இல்லாதவனும் நான் ஒருவன்தான். அந்த விவரத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இம்மாதிரி மலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் பிறக்கும்போதே சகல நற்குணங்களோடும் பிறந்திருப்பார். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியிருக்க மாட்டார். எழுதுகிறவரும் அவருக்கு ஒரு குறையும் வைத்திருக்க மாட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் நானே இப்படி நாலைந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்த அண்ணனுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. எங்கள் அண்ணன் முன்கோபி. மாட்டை அடித்தவனை அடிக்கப் போவார். கலியாணப் பந்தியில் ரசம் சரியில்லை என்றால் சம்பந்தி வீடு என்றும் பார்க்காமல் சொல்லிவிடுவார். ஆனால் தான் செய்த தவறை இன்னொருவர் தலையில் கட்டியவர் அல்ல. எங்கள் வீட்டில் அந்தக் காரியத்தைச் செய்தவன் நான்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நடந்தால் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற எங்கள் ஊரில், தாது வருஷப் பஞ்சம் கழிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அண்ணன் பிறந்தார். பஞ்சத்தில் மாடு கன்றெல்லாம் போய், எங்கள் அய்யன் பாடுபட்டு மறுபடி ஓர் ஏரும் இரண்டு மாடும் சேர்த்திருந்த காலம் அது. அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அண்ணனுக்குப் பதினேழு வயதாகும்போது அய்யன் காலமானார். அன்றைக்கே ஏர், மாடு, ஆத்தா, நான் எல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டோம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்ததால் அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. என்னை மட்டும் எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வயல் வேலை தலைக்குமேல் கிடக்கிற நாளிலும் என்னை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். நானோ கொஞ்சம் படித்து, நிறையப் பந்து விளையாடினேன்.

வெளியூரிலிருந்து வரும் நண்பர்களுக்காக எங்கள் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேற்கே கொட்டுகிற மழையில் பாதிகூட எங்களுக்குக் கிடையாது. ஏரியிலிருந்து வருகிற கொஞ்சம் தண்ணீரை ஒரு சொட்டும் ஓடிவிடாமல் வயலில் நிறுத்தி வைப்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. வயல் மட்டமாக இருந்தால்தான் தண்ணீர் எங்கும் ஒரே அளவாக நிற்கும். இல்லாவிட்டால் மேடு காயும், பள்ளம் அழுகும். அதனால் நடவுக்கு முன்பு உழுத வயலில் மாடு பூட்டிப் பரம்புப் பலகை ஓட்டி, மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளி நிரவுவோம். பலகையை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எது மேடு, எது பள்ளம் என்று பார்க்கிற கண் எல்லோருக்கும் வாய்க்காது. அண்ணனுக்கு வாய்த்திருந்தது. வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, தாடையை முழங்காலில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் பார்ப்பார். பிறகு, அந்த மூலை ஒரு விரற்கடை உயரம் என்பார். தண்ணீர் கட்டினால் அங்கேதான் மண் தெரியும்.

நடவுக் காலம் வந்தால் சுற்று வட்டாரத்தில் அண்ணனை அழைத்துப் போய் வயலைக் காட்டாதவர்கள் குறைவு. அவரும் யார் கூப்பிட்டாலும் போவார். போன இடத்தில் மோர் கொடுத்தால் குடிப்பார், வேறெதுவும் வாங்க மாட்டார். அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவருக்கு இருந்த ஒரே கர்வமும் அதுதான்.

பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் மேற்கே டவுனில் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரை எழுதாமல் விடுகிறேன், இம்மலரைப் பெறுகிற எல்லோருக்கும் அது தெரியும். இன்றைக்குச் சுற்றுச்சுவரும் படிவரிசையுமாக இருக்கிற அதன் விளையாட்டு மைதானம் அன்றைக்குப் புளியமரங்களுக்கு நடுவே கிடந்த ஒரு பொட்டல்தான். பந்து ஒரு பக்கம் போனால் கள்ளிவேலி, மறுபக்கம் போனால் பாழுங்கிணறு. கிணற்றில் விழுகிற பந்தை எடுக்க ஒரு கூடையும் கயிறும் எப்போதும் தயாராக இருக்கும். வெளியூர் அணிகள் ஒரு தடவை வந்தால் மறு தடவை வர மாட்டா.

எங்கள் டிரில் வாத்தியார் டவுனில் கோயில் தெருவைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். கல்லூரியை ஒட்டிக் கிழக்கே தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்தை மைதானத்தோடு சேர்த்துக்கொள்ள அவர் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அந்த நிலத்தில் ஒரு பக்கம் ஆளுயர மேடும், நடுவில் கரையான் புற்றுகளும், எங்கு பார்த்தாலும் கல்லுமாக இருந்தன. அதை யார் நிரவுவது என்று அவர் கவலைப்பட்டபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என் அண்ணன் வந்தால் இரண்டே மாதத்தில் கண்ணாடி போல் ஆக்கிவிடுவார் என்று ஜம்பமாகச் சொன்னேன். ஊருக்குப் போய்ச் சொன்னபோது அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தம்பி படிக்கிற இடத்துக்குச் செய்ய வேண்டியதுதானே என்றார். மாசியில் அறுப்பு முடிந்ததும் நாலு ஜோடி மாடும் எட்டு ஆட்களுமாக வந்து புளியமரத்தடியில் இறங்கினார்.

இனிமேல் எழுதப்போவது இதுவரை என் மனைவிக்கும் தெரியாதது.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் டிரில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் ஓரடி உயரத்துக்கு ஒரு முதுகு வைக்க வேண்டும், அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து மழைத் தண்ணீர் ஓரக் கால்வாயில் விழ வேண்டும் என்று அதில் எழுதிப் படமும் போட்டிருந்தார். உன் அண்ணாவுக்கு இதை வாசித்துக் காட்டி, நன்றாக விளங்கும்படி சொல்லிவிடு என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்று மாலை நான் கல்லூரி வராந்தாவில் டவுன் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கோவணமும் தலைப்பாகையுமாக, தலை முதல் கால் வரை புழுதியோடு படிக்குக் கீழே வந்து நின்றார். எங்கள் கிழக்கத்திப் பேச்சைக் கேட்டாலே சிரிக்கிற நண்பர்கள் அவர்கள். நான் இரண்டு படி மட்டும் இறங்கினேன்.

"ஏந் தம்பி, வாத்தியாரு காயிதம் குடுத்தாராமா? மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகோணும்னு ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்ணா. உங்களுக்குத் தெரியாததா? நம்ம வயலாட்டவே நெரவிருங்க" என்றேன்.

பத்து நிமிஷ வேலை. அவரோடு அந்தப் புழுதியில் இறங்கி, குச்சியால் கோடு கிழித்து, இங்கே உயரம் இங்கே சரிவு என்று காட்டியிருக்க வேண்டும். நண்பர்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று கூச்சப்பட்டேன். அண்ணனைப் பற்றிக் கூச்சப்பட்டேன் என்று எழுதினால்தான் சரி. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கோயம்புத்தூரில் பந்தயம் என்று ரயிலேறிவிட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பியபோது பாதி நிலம் நிரவியிருந்தது. இப்போது சொன்னால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். காகிதம் சட்டைப் பையோடு வெளுக்கப் போய்க் கூழாகிவிட்டது.

அண்ணன் எங்கள் வயலைப் போலவே நிரவினார். ஏரி வண்டல் கொண்டுவந்து போட்டு, மாடுகளை விட்டு மிதித்து இறுக்கினார். தெற்கே மட்டும் ஒரு மடை வைத்து, வடக்கிலிருந்து மடை வரைக்கும் இரண்டு விரற்கடை வாட்டம் கொடுத்தார். வயலில் தண்ணீர் வடிக்க அவ்வளவு போதும். அந்தப் பெரிய மைதானத்தில் வாய்க்கால் தண்ணீர் கட்டிப் பார்க்க வழியில்லை, எல்லாம் கண் மதிப்புத்தான். சித்திரை முடிவில் நாலு பக்கமும் குத்தவைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். டவுனிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். டிரில் வாத்தியார் விடுமுறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது புல் முளைத்திருந்தது. அத்தனை பெரிய இடத்தில் ஓரடி முதுகு இருக்கிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனிக் கடைசியில் முதல் பந்தயம். மூன்று நாளாக மழை விடவில்லை. எதிரணி ரயிலில் வந்து இறங்கிவிட்டது, நிறுத்த முடியாது. எங்கள் ஊரிலிருந்து நாலு வண்டி நிறைய உறவினர்கள், அண்ணன் நிரவிய மைதானத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது ஒரு குளத்தை. பந்தை உதைத்தால் அடிக்கு ஒரு தடவை நின்றது. ஆட்டக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். கூட்டத்தில் யாரோ பக்கத்து வயலிலிருந்து ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து நடு மைதானத்தில் வீசினார்கள். "கவுண்டரே, நெரவலு நெம்ப ஜோருங்க, நடவுக்கு ஆளு உடுங்க" என்று ஒரு குரல் வந்தது. கல்லூரியே சிரித்தது. எங்கள் உறவினர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பலர் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அண்ணன் தெற்கு மடையில் இறங்கி இரண்டு கையாலும் மண்ணைப் பறித்து வழி அகலப்படுத்திக்கொண்டிருந்தார். நாற்று முடி விழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஒரு தடவை மைதானத்தைப் பார்த்தார். பிறகு மழையிலேயே வண்டிகள் நின்ற பக்கம் நடந்தார்.

ஆட்டம் முடிந்ததும் டிரில் வாத்தியார் என்னைத் தனியே அழைத்தார். "அந்தக் கடுதாசை உன் அண்ணாவுக்கு வாசிச்சுக் காட்டினையோ?" என்று கேட்டார்.

"காட்டினேன் சார்" என்றேன்.

பின்னே ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டார். அவருக்கு அவர் வைத்ததுதான் சட்டம் என்றேன். சற்றும் யோசிக்காமல் இந்த இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அணியிலிருந்து என்னை நீக்கிவிடுவாரோ என்று பயம். அந்த நல்ல மனிதர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் ஓடியவன் நான். வடக்குக் கோல் பக்கம் தண்ணீர் கால்விரல்களை மூடியது, தெற்கே கணுக்காலைத் தொட்டது. நடுவில் எங்கும் ஒரு குழி இல்லை, திட்டு இல்லை. அண்ணன் சொன்ன இரண்டு விரற்கடை வாட்டம் அங்கே அப்படியே இருந்தது. விடாத மழைக்கு அது போதவில்லை, அவ்வளவுதான். முதுகு வைக்கச் சொல்லியிருந்தால் அதையும் ஒரு நூல் பிசகாமல் வைத்திருப்பார். அண்ணன் உள்ளே இறங்கி அளந்திருந்தால் இது அவருக்கும் தெரிந்திருக்கும். சிரிப்புக்கு நடுவில் அவர் இறங்கவில்லை. தண்ணீர் வடியவில்லை, ஆகவே தான் வைத்த வாட்டம் அங்கே இல்லை, கண் ஏமாற்றிவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கள் அண்ணன் எந்த வயலையும் கண்ணால் பார்த்து மட்டம் சொல்லவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "என்ற கண்ணு மட்டம் போயிருச்சுங்க, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் கூப்பிடுவதும் நின்றது. எங்கள் சொந்த வயலுக்கே பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் ஆள் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டையோடு வருஷாவருஷம் வந்து நிரவிக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குளத்துக் கவுண்டர் என்ற பட்டப்பெயர் கலியாண வீடுகளில் புழங்கத் தொடங்கியது. முன்பென்றால் அடிக்கப் போயிருப்பார், இதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

மறு கோடையில் அவரே மறுபடி மாடுகளோடு கல்லூரிக்கு வந்தார். கெடுத்தவன்தான் சரி செய்ய வேண்டும் என்றார். டிரில் வாத்தியார் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். ஓர் ஓவர்சியர் வந்து முளை அடித்துக் கயிறு கட்டினார். கயிறு சொன்னபடி அண்ணன் மண் கொட்டினார். நடுவில் முதுகு எழும்பியது. கடைசி நாள் அதைக் காட்டி என்னிடம் சொன்னார்: "நடுவுல இப்படி ஒண்ணு வெக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லையே தம்பி. கண்ணு மட்டுமா போச்சு, புத்தியும் போச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அந்த மாதம்தான் என்னைக் கல்லூரியில் உதவி டிரில் வாத்தியாராக எடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் ஓவர்சியரின் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அண்ணன் மண் கொட்டிய அந்த முதுகின் மேல்தான் இன்றுவரை ஆடுகிறார்கள். மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில் ஊரெல்லாம் மிதந்தபோது மழை விட்ட மறுநாளே எங்கள் மைதானம் காய்ந்துவிட்டது. வெளியூர் அணிகள் தாமாகக் கேட்டு வர ஆரம்பித்தன. கூட்டம் பெருகவே மேற்குப் பக்கம் வெட்டுக்கல்லால் ஐந்து படி கட்டினோம். மக்கள் அதைக் காலரி என்றார்கள். பின்னால் அது ஒன்பது படியாக வளர்ந்து வடக்கேயும் திரும்பியது. பாழுங்கிணற்றைத் தூர்த்தோம், கள்ளிவேலி போய்ச் சுவர் வந்தது. ஒவ்வொரு கோடையிலும் கல் ஏற்றி வர எங்கள் ஊரிலிருந்து வண்டிகள் வரும். முன் வண்டியில் அண்ணன் இருப்பார். கல்லை இறக்கிவிட்டு மறு நடைக்குப் போவார்.

இவ்வளவும் என் பெயரில் சேர்ந்தது. அப்போது நான் தலைமை டிரில் வாத்தியாராகியிருந்தேன். வடக்குக் காலரி திறந்த அன்று மேடையில் ஒருவர் என்னை இம்மைதானத்தின் தந்தை என்று புகழ்ந்து பேசினார். கல்லில் என் பெயர் வெட்டியிருந்தது. கூட்டத்தின் கடைசியில் வண்டிக்காரர்களோடு நின்றிருந்த அண்ணன் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பின்பும் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்த அந்த முகத்தை நான் எத்தனையோ முறை மறக்கப் பார்த்திருக்கிறேன்.

மறைவதற்கு முந்தின ஐப்பசியில் அண்ணன் மூச்சிரைப்பு வந்து படுத்தார். கார்த்திகையில் நான் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு நாள் முற்பகல், வெயில் ஏறும் நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் நான், கால்மாட்டில் அண்ணியார். அவரை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். ஏரித்தண்ணீர் பாய்ந்திருப்பதாகவும் பொள்ளாச்சி ஆள் வந்து நிரவிவிட்டுப் போனதாகவும் நங்கையா சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. காகிதம், வராந்தா, நண்பர்கள், வாத்தியாரிடம் சொன்ன இரண்டு பொய், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. தலை நிமிர்ந்து சொல்லவும் இல்லை.

அண்ணன் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, வண்டியைப் பூட்டச் சொல்லு என்றார். நங்கையா தடுத்தும் கேட்கவில்லை, அவரும் கூட ஏறிக்கொண்டார். பொள்ளாச்சி ஆள் நிரவிவிட்டுப் போன எங்கள் ஆற்று மேட்டு வயல் வரப்போரம் வண்டியை நிறுத்தினோம். அவரால் இறங்கிக் குத்தவைக்க முடியாது. வண்டியின் பின்பக்கத்தில் குப்புறப் படுத்து, தாடையைச் சட்டத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வடமேக்கு மூலை ரெண்டு வெரக்கடை ஒசரம்" என்றார்.

நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினேன். வயலில் மற்ற இடங்களில் எல்லாம் தண்ணீர் என் சுண்டுவிரல் நீளத்துக்கு நின்றது. வடமேற்கு மூலையில் விரல் நுனி நனைவதற்குள் மண் தட்டியது. இரண்டு விரற்கடை சரியாக இருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"பதினெட்டு வருசமா அந்த மூலை ஒசரமாத்தான் தெரிஞ்சுது தம்பி. வருசா வருசம் அங்க பயிரு மொதல்ல காயும். தண்ணி பத்தலைன்னு ஏரிக்காரங்களோட சண்டைக்குப் போனேன். ரசமட்டம் பொய் சொல்லாது, என்ற கண்ணுதான் கோணல்னு இருந்துட்டேன்" என்றார் அண்ணன்.

நங்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் அப்போதே மாட்டை அவிழ்த்துப் பலகையில் பூட்டச் சொன்னார். வண்டியில் படுத்தபடியே, இன்னும் கொஞ்சம் வடக்கே, போதும், அந்தக் கட்டியை உடை என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் அந்த மூலை மட்டமானது. பலகை ஓட்டியவன் நான். இரண்டு தடவை தப்பாக ஓட்டித் திட்டும் வாங்கினேன்.

மாசியில் அந்த மூலையும் மற்ற வயலோடு சேர்ந்து விளைந்தது. அந்தப் புது அரிசியில் நங்கையா கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஒரு போகம், அதை மட்டும்தான் அவர் தன் கண்ணை நம்பி மறுபடி விளைவித்தார். நடுவில் போன பதினெட்டு ஆண்டுகள் என்னால் போயின. அந்தப் பேச்சை அண்ணன் அப்புறம் எடுக்கவே இல்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு விடியற்காலை, ஏர் பூட்டுகிற நேரத்தில் காலமானார். ஐம்பது வயது நிறையவில்லை.

இந்த ஓராண்டில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்கு நாலு மைல் நடந்து வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கடைசி மாதம் முழுவதும் முறை வைத்து எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய அண்டை வீட்டாருக்கும், காலமான அன்று அரைநாள் விடுமுறை விட்ட கல்லூரிக்கும் எங்கள் நன்றி. பின்னாளில் என்னோடு பந்து விளையாடிய நண்பர் ஒருவர் வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸிலும் வண்டியிலுமாகக் கருமாதிக்கு வந்து சேர்ந்தார். நாற்று முடியை வீசியவன் நான்தான் என்று நங்கையாவிடம் சொல்லி அழுதார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வீசியவராவது வந்து சொல்லிவிட்டார். நங்கையாவுக்கு நான் சொல்லக்கூடிய நன்றி எதுவும் இல்லை. இதை எழுதிக் காட்டியபோது, சிலவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "ஒண்ணையும் உடாதீங்க தம்பி. சிரிச்சவங்க அத்தனை பேரும் படிக்கோணும். அச்சுல போடுங்க" என்றார்.

இதே விவரத்தைக் கல்லூரித் தலைவருக்கும் எழுதிவிட்டேன். காலரிக் கல்லில் உள்ள என் பெயரை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். என் வேலையைப் பற்றி அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.

உறவினர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். இனி எந்தக் கலியாண வீட்டிலாவது, பந்தியிலாவது குளத்துக் கவுண்டர் என்ற பேச்சு எழுந்தால், அந்தக் குளத்தை வெட்டியவன் தம்பி என்று திருத்திச் சொல்லுங்கள். என்னிடம் நேராகச் சொல்ல வேண்டுமென்று தோன்றினாலும் வாருங்கள். வேலையில் வைத்திருக்கிற வரைக்கும் தினமும் மாலையில் நான் அந்த மைதானத்தில்தான் இருப்பேன்.

இங்ஙனம்,
தம்பி